சின்ன, உயர்தர மின்சார நகர்க் காரை வடிவமைப்பது எப்படி? பிஎம்டபிள்யூ ஐ3 வழியே ஒரு முழுமையான வழிகாட்டி

நகருக்குள் ஓட்ட ஒரு சின்ன மின்சாரக் கார் வேண்டும். அளவு சின்னதாக இருந்தாலும், பெரிய காருக்குக் கொடுக்கும் பணத்தை ஒருவர் மனமுவந்து கொடுக்கும் தரம் அதில் இருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனையும் சேர்ந்தால் வடிவமைப்பாளருக்குத் தலைவலி. சின்னக் காரில் லாபம் குறைவு, பேட்டரி விலை அதிகம், இடமோ கொஞ்சம்.

இதை வெற்றுத் தாளிலிருந்து முயன்று பார்த்த கார்களில் பிஎம்டபிள்யூ ஐ3-தான் எனக்குப் பிடித்த பாடம். 2013 ஜூலையில் அறிமுகமாகி, அதே ஆண்டு செப்டம்பரில் ஜெர்மனியின் லைப்ஸிக் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. 2022 நடுவில் உற்பத்தி நின்றபோது சுமார் 2,50,000 கார்கள் வெளியே வந்திருந்தன. அதன் தீர்மானங்களில் சில அபாரம், சில வீண் செலவு. எது எது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பிளஸ் டூ இயற்பியல் போதும். கிலோவாட் மணி என்று நீட்டி முழக்காமல், நம் மின்கட்டணத்தில் வருகிற 'யூனிட்' என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். இரண்டும் ஒன்றுதான்.

படி 1: காருக்கு முன்னால் பயணத்தை வரையுங்கள்

ஒரு நாளைக்கு எத்தனை கிமீ, எத்தனை பேர், ராத்திரி எங்கே நிற்கும், எங்கே சார்ஜ் ஏறும்? இந்த நான்குக்கும் விடை இல்லாமல் கோடு போடத் தொடங்கக் கூடாது. பிஎம்டபிள்யூ இதை ஊகத்துக்கு விடவில்லை. 2009இல் மினி காரையே மின்சாரத்துக்கு மாற்றி, 'மினி ஈ' என்ற பெயரில் 600-க்கும் மேற்பட்ட வண்டிகளைச் சாதாரண மக்களிடம் ஓட்டக் கொடுத்தது. பின்சீட்டு இருந்த இடம் முழுக்கப் பேட்டரி. இரண்டு பேர்தான் உட்காரலாம். அடுத்து 1 சீரிஸ் கூபேயை மாற்றி 'ஆக்டிவ் ஈ' செய்தது. நான்கு பேர் உட்கார முடிந்தது, ஆனால் எடை 1,800 கிலோ.

பெட்ரோல் காரை மின்சாரத்துக்கு மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த இரண்டும் சாட்சி: ஒன்றில் இடம் போனது, மற்றதில் எடை ஏறியது. என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பெட்ரோல் டாங்குக்கும் விட்டிருந்த குழிகளில் பேட்டரியைத் துண்டு துண்டாகத் திணிக்க வேண்டியிருந்தது. அந்தச் சோதனைகள் சொன்ன இன்னொரு சேதி, பெரும்பாலோரின் அன்றாட ஓட்டம் பேட்டரியின் எல்லைக்குள் சுலபமாக அடங்கிவிடுகிறது என்பது. ஐ3-க்கு 22 யூனிட் போதும் என்ற துணிச்சல் அங்கிருந்துதான் வந்தது.

படி 2: ஆற்றல் எங்கே போகிறது என்று கணக்குப் போடுங்கள்

இந்தப் படியை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள். மற்ற எல்லாத் தீர்மானமும் இதில் தொங்குகிறது.

ஓட்டுநரோடு 1,300 கிலோ உள்ள காரை எடுத்துக்கொள்வோம். டயரின் உருளல் எதிர்ப்பு எண் 0.009, காற்றுத்தடை எண் 0.29, முகப்புப் பரப்பு சுமார் 2.4 சதுர மீட்டர். கடைசி இரண்டும் ஐ3-இன் அளவுகள்தான்.

உருளல் எதிர்ப்பு விசை ஏறத்தாழ 115 நியூட்டன். 100 கிமீ ஓடினால் 3.2 யூனிட். வேகம் கூடினாலும் குறைந்தாலும் இது பெரிதாக மாறாது.

காற்றுத்தடை அப்படியில்லை, வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 50 கிமீ வேகத்தில் 100 கிமீ-க்கு 2.2 யூனிட், 120 கிமீ வேகத்தில் கிட்டத்தட்ட 13 யூனிட்.

மூன்றாவது, நின்று நின்று கிளம்புவது. 50 கிமீ வேகத்தில் அந்தக் காரின் இயக்க ஆற்றல் 1,25,000 ஜூல், அதாவது 0.035 யூனிட். நகருக்குள் ஒரு கிமீ-க்கு இரண்டு முறை நிற்கிறோம் என்று வைத்துக்கொண்டால் 100 கிமீ-க்கு 200 நிறுத்தம், 7 யூனிட். பெட்ரோல் காரில் இது முழுக்கப் பிரேக் பேடில் சூடாகிப் போகும். மின்சாரக் காரில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி 60 சதவீதத்தைத் திரும்பத் தந்தால், நிகர இழப்பு 2.8 யூனிட்.

கூட்டிப் பாருங்கள். நகருக்குள் சக்கரத்தில் தேவைப்படுவது சுமார் 8 யூனிட். மோட்டார், இன்வெர்ட்டர் இழப்பும் விளக்கு, விசிறி எல்லாம் சேர்த்தாலும் பத்துக்குச் சற்று மேல். 120 கிமீ வேகத்தில் நெடுஞ்சாலையில் போனால் சக்கரத்திலேயே 16 யூனிட். பெட்ரோல் காருக்கு நெடுஞ்சாலையில் மைலேஜ் கூடும், இங்கே தலைகீழ்.

இப்போது 300 கிலோ கூட்டிப் பாருங்கள். உருளல் எதிர்ப்பில் 0.75 யூனிட், நின்று கிளம்புவதில் (60 சதவீதம் மீட்ட பிறகு) 0.65 யூனிட். மொத்தம் 1.4 யூனிட் கூடுகிறது. 8-இல் 1.4 என்பது ஆறில் ஒரு பங்குக்கும் மேல். சின்ன விஷயம் இல்லை. ஆனால் பலர் பயப்படும் அளவுக்குப் பெரியதும் இல்லை, ஏனென்றால் எடையின் தண்டனையில் சுமார் 40 சதவீதத்தை மீட்பு பிரேக்கிங் மன்னித்துவிடுகிறது. இந்த 1.4-ஐ நினைவில் வையுங்கள். படி 4-இல் இதை வைத்துத்தான் ஒரு பெரிய வழக்கைத் தீர்க்கப் போகிறோம்.

படி 3: தரையிலிருந்து கட்டுங்கள்

ஐ3-இல் கார் இரண்டு அடுக்கு. கீழே அலுமினியத்தில் ஒரு சட்டகம்: அதன் நடுவே தட்டையாகப் பேட்டரி, பின்னால் மோட்டார், முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன், மோதலை வாங்கி நசுங்கும் பகுதிகள். மேலே கார்பன் ஃபைபரில் ஒரு கூடு: அதில் மனிதர்கள். கீழடுக்குக்கு 'டிரைவ்', மேலடுக்குக்கு 'லைஃப்' என்று பெயர். இரண்டையும் தனித்தனியாகச் செய்து, கடைசியில் போல்ட்டும் பசையுமாகச் சேர்க்கிறார்கள்.

இதனால் கிடைப்பது என்ன? பேட்டரி சக்கரங்களுக்கு நடுவே, தரையை ஒட்டி உட்கார்ந்துவிடுகிறது. எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்டச் சரிபாதி. நடுவே புகைக்குழாயும் டிரைவ் ஷாஃப்ட்டும் ஓடும் மேடு இல்லாததால் உள்ளே தளம் சமதளம். நெருக்கிப் பார்க் செய்த இடத்தில் ஓட்டுநர் நகர்ந்து அடுத்த பக்கக் கதவு வழியாக இறங்கிவிடலாம். நீளம் 3,999 மிமீ, அச்சிடைத் தூரம் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) 2,570 மிமீ. பேட்டரிக்கு மேலே உட்காருவதால் இருக்கை உயர்ந்து, கூரை 1,578 மிமீ-க்குப் போகிறது. நகரப் போக்குவரத்தில் உயரமாக உட்காருவது சௌகரியம்தான், ஆனால் முகப்புப் பரப்பு கூடி நெடுஞ்சாலையில் காற்றுத்தடைக்கு விலை கொடுக்க வேண்டும். நகர்க் காருக்கு இந்தப் பேரம் லாபம்.

படி 4: பொருளைத் தேர்ந்தெடுங்கள்

ஐ3-இன் பெருமையும் சுமையும் இந்தப் படிதான்.

கார்பன் ஃபைபர் கூடு எஃகைவிட 50 சதவீதமும் அலுமினியத்தைவிட 30 சதவீதமும் எடை குறைவு என்பது பிஎம்டபிள்யூ சொன்ன கணக்கு. பந்தயக் காரிலும் விமானத்திலும் பார்த்த பொருளை, வரிசையில் ஆயிரக்கணக்கில் வார்க்கும் காருக்குக் கொண்டுவருவது வேறு விஷயம். அந்த நூல் வந்த பாதையைப் பாருங்கள். மூல இழை ஜப்பானின் ஓதாகேயில். அங்கிருந்து அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மோசஸ் லேக் என்ற ஊருக்கு. இழையைக் கரியாக்கும் உலைகள் மின்சாரத்தைக் குடிக்கும் ரகம். கொலம்பியா ஆற்று அணைகளின் நீர்மின்சாரம் அங்கே மலிவாகக் கிடைக்கிறது என்பதால், கார்பன் பொருள்கள் செய்யும் எஸ்ஜிஎல் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து ஆலையை அங்கே வைத்தார்கள். கரியான நூல் ஜெர்மனியின் வாக்கர்ஸ்டார்ஃபுக்கு வந்து விரிப்பாகிறது. விரிப்புகள் லாண்ட்ஸ்ஹூட்டிலும் லைப்ஸிக்கிலும் அச்சில் வைக்கப்பட்டு, அழுத்தத்தில் பிசின் ஏற்றப்பட்டு, சில நிமிடங்களில் இறுகிப் பாகமாகின்றன. கடைசியில் ரோபோக்கள் பாகங்களைப் பசையால் ஒட்டுகின்றன. எஃகுக் கார் பட்டறையின் பொறி பறக்கும் வெல்டிங் இங்கே கிடையாது. லைப்ஸிக் ஆலையின் இந்தப் பகுதிக்கு மின்சாரம் தர நான்கு காற்றாலைகளை வளாகத்திலேயே நிறுத்தினார்கள்.

வெளித்தோல் தெர்மோபிளாஸ்டிக். அது சுமை தாங்குவதில்லை. நகரத்தில் கீறல், சின்ன இடி வாங்கினால் பலகையை மட்டும் மாற்றலாம், துருவும் பிடிக்காது. கூடு உறுதியாக இருப்பதால் முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவே தூண் தேவைப்படவில்லை. பின் கதவு பின்பக்கக் கீலில் தொங்கி எதிர்த்திசையில் திறக்கும். படம் எடுத்தால் அழகு. புழக்கத்தில், முன் கதவைத் திறக்காமல் பின் கதவு திறக்காது. பின்சீட்டுக்காரர் இறங்க முன்னால் இருப்பவர் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். பின் ஜன்னல் கீழிறங்கவும் செய்யாது. குழந்தையைப் பள்ளிக்கு விட்டு வரும் பெற்றோரைக் கேட்டிருந்தால் இந்தக் கதவுக்கு எத்தனை ஓட்டு விழுந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

சரி, வழக்குக்கு வருவோம். கார்பனால் 300 கிலோ குறைந்தது என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். 100 கிமீ-க்கு 1.4 யூனிட் மிச்சம். 150 கிமீ ஓட வேண்டிய காருக்கு, இழப்பும் சேர்த்து, சுமார் 2.4 யூனிட் பேட்டரி மிச்சம். 2013 வாக்கில் ஒரு யூனிட் பேட்டரி பல நூறு டாலர். எனவே மிச்சமான பேட்டரிக்கு ஆயிரம் டாலருக்கு மேலேயே மதிப்பு இருந்தது. சின்ன மோட்டார், சின்ன பிரேக் என்ற உபரி லாபத்தையும் கூட்டினால் கார்பனுக்கு ஏதோ நியாயம் தேறும். 2024இல் உலகச் சராசரி பேட்டரி விலை யூனிட்டுக்கு 115 டாலர் என்று புளூம்பெர்க் ஆய்வுப் பிரிவு கணித்தது. அதே 2.4 யூனிட் இப்போது 300 டாலருக்குள் முடிந்துவிடும். அந்தக் காசுக்கு எந்தக் கார்பன் ஆலையும் 300 கிலோவைக் குறைத்துத் தராது.

ஆகவே என் தீர்ப்பு: பொறியியலாகக் கார்பன் கூடு சரி, ஆனால் பேட்டரி விலை சரியும் வேகத்தைக் குறைத்து மதிப்பிட்டார்கள். இன்று தொடங்குகிறவர் உயர்வலு எஃகும் தேவையான இடத்தில் அலுமினியமும் போட்டு, மிச்சப் பணத்தைப் பேட்டரியிலும் இருக்கையிலும் போடட்டும். பிஎம்டபிள்யூவே ஐ3-க்குப் பிறகு இப்படி முழுக் கார்பன் கூட்டில் இன்னொரு பெருவாரிக் காரைக் கட்டவில்லை.

படி 5: மோட்டாரைப் பின்னால் வையுங்கள், கியர் விகிதத்தைக் கணக்கில் எடுங்கள்

ஐ3 மோட்டார் 125 கிலோவாட், 250 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, எடை சுமார் 50 கிலோ. நிலைக்காந்தத்தோடு இரும்பின் காந்தத் தயக்கத்தையும் (காந்தப் பாதை எளிதாக அமையும் பக்கம் இரும்பு திரும்பப் பார்க்கும் இயல்பு) முறுக்கு விசைக்குப் பயன்படுத்தும் கலப்பு வகை. அதனால் அருமண் காந்தம் குறைவாகப் போதும், அதிவேகச் சுழற்சியிலும் வலு விழாது. உச்சச் சுழற்சி நிமிடத்துக்கு 11,400. கியர் ஒன்றே ஒன்று, விகிதம் ஏறத்தாழ 9.7.

அந்த 9.7 எங்கிருந்து வந்தது? காரின் உச்ச வேகம் 150 கிமீ என்று முதலில் முடிவு செய்கிறோம், அதாவது நொடிக்கு 41.7 மீட்டர். சக்கரத்தின் உருளும் ஆரம் 0.34 மீட்டர் என்றால், சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 1,170 சுற்று. 9.7-ஆல் பெருக்கினால் 11,350. மோட்டாரின் உச்சத்தில் போய்க் கச்சிதமாக நிற்கிறது. மறுபக்கம், கிளம்பும்போது சக்கரத்தில் விசை 250 × 9.7 ÷ 0.34, அதாவது 7,100 நியூட்டன். 1,300 கிலோ காருக்கு முடுக்கம் 5.5 மீட்டர்/நொடி². 0-விலிருந்து 60 கிமீ-க்குள் பெரும்பாலான கார்களைப் பின்தள்ளிவிடும். உச்ச வேகத்தை 180 ஆக்கியிருந்தால் விகிதத்தைக் குறைக்க வேண்டியிருக்கும், சிக்னலில் இந்தத் துள்ளல் இருந்திருக்காது. நகர்க் காரில் உச்ச வேகத்தை விட்டுக்கொடுத்துத் துள்ளலை வாங்குவதுதான் புத்தி.

ஏன் பின்னால்? 5.5 மீட்டர்/நொடி² என்பது ஈர்ப்பு முடுக்கத்தில் 0.56 பங்கு. இந்த முடுக்கத்தில் எடை பின்னால் சாய்ந்து, சரிபாதியாக இருந்த காரில் முன்சக்கரங்களில் 39 சதவீதம்தான் மிஞ்சும், பின்சக்கரங்களுக்கு 61. டயர்–சாலை பிடிமான எண் 0.9 என்றால் முன்சக்கரம் இழுக்கக் கூடியது 0.35 பங்கு முடுக்கம்தான், பின்சக்கரம் 0.55 வரை தாங்கும். முன்சக்கர இயக்கமாக இருந்தால் ஒவ்வொரு சிக்னலிலும் டயர் கீச்சிடும் அல்லது கணினி மோட்டாரை அடக்கும்.

இன்னொரு வரவு: முன்னால் என்ஜினும் இல்லை, மோட்டாரும் இல்லை, சக்கரம் நன்றாகத் திரும்ப இடம் இருக்கிறது. ஐ3-இன் திரும்பு வட்டம் 9.86 மீட்டர். இதே வழியில் போன ஹோண்டா ஈ 8.6 மீட்டரில் திரும்பியது. பின்மோட்டார் கொண்ட ஸ்மார்ட் ஃபோர்டூ 7 மீட்டருக்குள்ளேயே திரும்பிவிடும். சந்துக்குள் ஒரே மூச்சில் யூ-டர்ன் போட்டவருக்கு இந்த எண்ணின் மதிப்பு தெரியும்.

படி 6: டயர்: ஒல்லியாக, உயரமாக

155/70 ஆர்19. பார்த்தவுடன் சைக்கிள் சக்கரமா என்று கேட்பார்கள். 19 அங்குல ரிம்மில் 155 மிமீ அகல டயர். மொத்த விட்டம் 70 செமீ. விட்டம் பெரிதானால் உருளல் எதிர்ப்பு குறையும், பள்ளம் மேட்டில் ஏறி இறங்குவது இதமாகும். ஒல்லியானால் காற்றுத்தடை குறையும், திருப்பவும் இடம் கிடைக்கும். தரையைத் தொடும் தடம் அகலத்தில் குறைந்தாலும் நீளத்தில் கூடிவிடுகிறது. பிரிட்ஜ்ஸ்டோன் இந்தக் காருக்கென்றே உருவாக்கியது.

தொல்லை எதில் என்றால், வேறு எந்தக் காருக்கும் இல்லாத அளவு. பஞ்சரானால் பக்கத்துக் கடையில் கிடைக்காது, போட்டி இல்லாததால் விலையும் இறங்காது. உங்கள் காருக்கு அபூர்வ அளவு டயர் தேர்வு செய்தால், பத்து வருடம் கழித்து அதை வாங்கப் போகிறவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: பேட்டரி: பெட்டியை மாற்றாமல் உள்ளே வளர இடம் விடுங்கள்

96 செல்கள் தொடராக; 12 செல் கொண்ட 8 தொகுதிகள். செல்கள் சாம்சங் எஸ்டிஐ தயாரிப்பு. முதல் காரில் ஒரு செல் 60 ஆம்பியர் மணி, மொத்தம் 22 யூனிட், அதில் ஓட்டுநருக்குக் கிடைப்பது 18.8. மேலும் கீழும் கொஞ்சம் ஒதுக்கி வைப்பதால்தான் செல்லின் ஆயுள் நீள்கிறது.

2016இல் அதே அளவு செல் 94 ஆம்பியர் மணி ஆனது: 33 யூனிட். 2018இல் 120 ஆம்பியர் மணி: 42 யூனிட். வெளிப் பெட்டியின் அளவு மாறவில்லை. காரின் எடை சுமார் 50 கிலோதான் கூடியது. அமெரிக்க அரசின் சோதனைக் கணக்கில் ரேஞ்ச் (ஒரு முறை முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் ஓடும் தூரம்) 81 மைலிலிருந்து 153 மைலுக்கு வந்தது. ஐ3-இன் ஆகச் சிறந்த தீர்மானம் எது என்று கேட்டால் நான் கார்பனைச் சொல்ல மாட்டேன், இந்தப் பெட்டியைத்தான் சொல்வேன். செல் வேதியியல் முன்னேறும் என்று நம்பி, மின்னழுத்தத்தையும் பெட்டி அளவையும் நிலையாக வைத்தார்கள்; மற்ற எதையும் பெரிதாகத் திருத்தாமலே காரின் ரேஞ்ச் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வளர்ந்தது.

குளிர்விப்பில் கை சுருக்காதீர்கள். ஐ3-இல் ஏசியின் குளிர்வாயுவே பேட்டரியின் அடித்தட்டு வழியாக ஓடும். அதே காலத்து நிஸான் லீஃபில் பேட்டரிக்குத் தனிக் குளிர்விப்பு இல்லை. 2012இல் அரிசோனா வெயிலில் அதன் பேட்டரிகள் வேகமாகத் திறன் இழந்தது அமெரிக்காவில் பெரிய பேச்சானது. நம் ஊர் வெயிலுக்குக் கார் செய்ய நினைப்பவர் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

படி 8: ரேஞ்ச் பயத்துக்கு என்ன மருந்து?

ஐ3-க்கு ஒரு துணை என்ஜின் விருப்பத் தேர்வாக இருந்தது: பிஎம்டபிள்யூ சி650 ஸ்கூட்டரின் 647 சிசி இரட்டைச் சிலிண்டர், 28 கிலோவாட், 9 லிட்டர் டாங்க். சக்கரத்தை அது நேரடியாகச் சுழற்றாது, ஜெனரேட்டரை மட்டும் ஓட்டும். எடை 120 கிலோ.

28 கிலோவாட் போதுமா? 110 கிமீ வேகத்தில் சமதளத்தில் சக்கரத்தில் தேவை சுமார் 16 கிலோவாட்; தாராளம். அதே வேகத்தில் 5 சதவீத ஏற்றம் வந்தால் ஏறுவதற்கு மட்டும் இன்னும் 21. மொத்தம் 37. பேட்டரியில் கையிருப்பு இருந்தால் அது சமாளிக்கும். காலியாகிவிட்டால் கார் வேகம் இழக்கும். ஐரோப்பாவில் பேட்டரி பாதிக்கு மேல் இருக்கும்போதே என்ஜினைப் போட்டுக் கையிருப்பைக் காக்கலாம். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சலுகை விதிக்குள் அடங்க, பேட்டரி கிட்டத்தட்டத் தீர்ந்த பிறகே என்ஜின் ஓடும்படியும், டாங்கில் ஒரு பங்கு பயன்படாதபடியும் மென்பொருளில் கட்டினார்கள். மலைப்பாதையில் யாருக்கு மூச்சு வாங்கியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சட்டம் வடிவமைப்புக்குள் எப்படிப் புகுந்துவிடுகிறது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 42 யூனிட் வந்ததும் ஐரோப்பாவில் துணை என்ஜினைக் கைவிட்டார்கள். இன்று தேவையே இல்லை.

படி 9: ஒற்றை மிதி

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் தானே நன்றாக வேகம் குறைந்து நிற்கும். மினி ஈ ஓட்டியவர்களுக்கு இது பிடித்துப்போனதால் ஐ3-க்கும் வந்தது. பத்து நிமிடத்தில் கால் பழகிவிடும், பிறகு இரண்டு மிதி கொண்ட கார் அலுப்பாகத் தெரியும். வடிவமைப்பாளர் கவனிக்க வேண்டியவை: வேகம் கூர்மையாகக் குறைந்தால் பிரேக் விளக்கு எரிய வேண்டும், பேட்டரி முழுதாக இருந்தாலோ குளிர்ந்திருந்தாலோ மீட்பு குறையும், அப்போது காரின் நடத்தை மாறுவதை ஓட்டுநர் உணர்வார், மீட்பு பின்சக்கரத்தில் நடப்பதால் வழுக்கும் சாலையில் பின்புறம் விலகப் பார்க்கும். கடைசியதற்காகவே 2017இல் ஐ3-இன் வேகமான வகையான ஐ3எஸ் வந்தபோது சறுக்கல் கட்டுப்பாட்டைக் காரில் வேறு இடத்தில் இருந்த கணினியிலிருந்து எடுத்து மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்தார்கள். சேதி போய்வரும் நேரம் மிச்சமானதால் திருத்தம் பல மடங்கு விரைவானது.

படி 10: ஏசியும் ஹீட்டரும்

நகர்க் காரில் இது ஏமாற்றும் கணக்கு. ஹீட்டர் 2 கிலோவாட் எடுக்கிறது, சராசரி வேகம் 25 கிமீ. 100 கிமீ ஓட 4 மணி நேரம், 8 யூனிட். காரை நகர்த்த ஆகும் செலவுக்குச் சமம்! மெதுவாகப் போகப் போக இழப்பு தூரத்தைவிட்டு நேரத்தைப் பின்தொடர்கிறது. எனவே வெப்பப் பம்பு (வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்துத் தருவது), இருக்கைச் சூடாக்கி, பிளக்கில் இருக்கும்போதே உள்ளே சூடாக்கி அல்லது குளிர்த்தி வைக்கும் வசதி மூன்றையும் முதல் வரைபடத்திலேயே சேருங்கள்.

படி 11: பிரீமியம் என்பதை எதில் காட்டுவது?

குரோமும் தோலும் குவிப்பது சுலபம், எடையும் கூடும். பெனுவா ஜாகோப் தலைமையிலான ஐ3 வடிவமைப்புக் குழு வேறு வழி எடுத்தது. டாஷ்போர்டில் யூகலிப்டஸ் மரம், ஆலிவ் இலைச் சாற்றில் பதப்படுத்திய தோல், கதவுப் பலகையில் கெனாஃப் நார். கெனாஃப் நமக்குப் புதிதில்லை: வீட்டில் கடைந்து சாதத்தில் பிசைந்து சாப்பிடுகிற புளிச்சக்கீரைச் செடிதான். நாரை மறைத்துத் தோல் போர்த்தாமல், பிசைந்து அழுத்திய அதன் கரடான முகத்தையே வெளியே காட்டினார்கள். கதவைத் திறந்தால் வாசற்படியில் கார்பன் நெசவும் அப்படியே தெரியும். கண்ணுக்குத் தெரிகிற பொருளே காரின் எடையைக் குறைக்கிற பொருளாகவும் இருப்பது எனக்குப் பிடித்த நேர்மை. ஜெர்மனியில் தொடக்க விலை 34,950 யூரோ. மெல்லிய இருக்கைகளில் நான்கு பேர், 260 லிட்டர் டிக்கி, அவ்வளவுதான் இடம். கொடுத்த பணத்துக்குக் காரின் அளவைத் தேடியவர்கள் வாங்கவில்லை.

படி 12: இடித்தால் என்ன, பழுதானால் என்ன

அலுமினியம் நசுங்கி ஆற்றலை வாங்கும், கார்பன் கூடு விறைப்பாக நிற்கும், இதுதான் ஏற்பாடு. ஆனால் 2013இல் ஐரோப்பாவின் கார் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப், ஐந்துக்குக் கொடுத்தது 4 நட்சத்திரம்தான். பாதசாரிப் பாதுகாப்பிலும் ஓட்டுநர் உதவிக் கருவிகளிலும் மதிப்பெண் குறைந்தது. நகர்க் காருக்குப் பாதசாரி மதிப்பெண் குறைவது சங்கடமான விஷயம். பானட் விளிம்பின் உயரமும் அதன் அடியில் நசுங்க விடும் வெற்றிடமும் ஆரம்பத்திலேயே ஒதுக்கப்பட வேண்டியவை, பிறகு சேர்க்க முடியாது.

படி 13: பேட்டரியைக் கழற்றும் வழியையும் வரையுங்கள்

ஐ3 பேட்டரியைக் காரின் அடியிலிருந்து போல்ட் கழற்றி இறக்கலாம். உள்ளே ஒவ்வொரு தொகுதியும் தனி. பழுதான தொகுதியை மட்டும் மாற்றலாம், பழையதை வேறு வேலைக்கும் எடுக்கலாம். 2017இல் லைப்ஸிக் ஆலையில் தொடங்கிய மின்சேமிப்பு நிலையத்தில் 700 ஐ3 பேட்டரிகள் வரை வைக்க இடமுண்டு. காரிலிருந்து ஓய்வு பெற்றவையும் அவற்றில் சேரும். இப்போது பல தயாரிப்பாளர்கள் செல்லைத் தொகுதியாக்காமல் நேரே பெட்டியில் ஒட்டுகிறார்கள். இடமும் எடையும் மிச்சம்தான், ஆனால் ஒரு செல் கெட்டால் பெட்டியே போகும். சின்னக் காரில் பேட்டரியும் சின்னது, அந்த மிச்சமும் சின்னது. ஒட்டாமல் போல்ட் போடுங்கள் என்பேன்.